கடைசி பெஞ்ச் டீச்சரம்மா

என் அம்மா பொய் சொல்ல மாட்டாள். பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். மீதியைக் கேட்கிறவர்களே தங்கள் வசதிப்படி பூர்த்தி செய்துகொள்வார்கள். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் அவளுக்கு இருந்த நல்ல பெயரெல்லாம் இந்த வித்தையால் சம்பாதித்தது. நான் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து சிதம்பரத்துக்குச் சட்டம் படிக்கப் போக ஆரம்பித்த புதிதில், எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "ஒங்க பொண்ணு காலையில பஸ் ஏறி எங்க போவுது?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா, "சிதம்பரம் யூனிவர்சிட்டிக்கு. லா டிபார்ட்மெண்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் தெரு முழுவதற்கும் நான் டீச்சரம்மா ஆகிவிட்டேன்.

"எதுக்கும்மா இப்படிச் சொன்ன?" என்று சண்டைக்குப் போனேன்.

"நான் என்னாடி சொன்னேன்? யூனிவர்சிட்டிக்குப் போறான்னு சொன்னேன். படிக்கப் போறாளா, சொல்லிக்குடுக்கப் போறாளான்னு அவ கேக்கல. கேக்காததுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்? நீதான வக்கீலு, நீயே சொல்லு."

அந்த வக்கீல் என்பதில்தான் சிக்கலே. அங்கே நான் வக்கீல்தான். கல்யாணமாகிப் போன ஊரில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரப் பிடிக்காமல் சட்டம் படித்து, அவர்கள் வைத்த பரீட்சையெல்லாம் எழுதி, ஒரு சின்ன ஆபீசில் வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் முறிந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அதற்கு அந்தத் தகுதி கிடையாது. ஊருக்கு வந்து இங்கே கறுப்புக் கோட்டை மாட்டலாம் என்று மஞ்சக்குப்பத்துக் கோர்ட்டுப் பக்கம் போய் விசாரித்தேன். வயதான வக்கீல் ஒருவர் என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேப்பரு நல்ல கெட்டியா இருக்கும்மா. ஆனா இத வச்சி இங்க ஒரு வாய்தாகூட வாங்க முடியாது" என்றார்.

வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் இந்த நாட்டுச் சட்டத்தை இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதித் தேறினால்தான் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள முடியும் என்றார்கள். பக்கத்தில் இருந்தது சிதம்பரம். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம் அது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று குலுங்கிக் குலுங்கிப் போகும் பஸ்தான் கதி. கண்டக்டரும் எங்கள் தெருப் பக்கத்து ஆள். "டீச்சருக்கு எடம் உடுங்கப்பா" என்று அவர் குரல் கொடுக்கும்போது, காலேஜ் பிள்ளைகள் எழுந்து இடம் தருவார்கள். நானும் கூசாமல் உட்கார்ந்துகொள்வேன். முதுகுவலி இருக்கிறவளுக்கு மனசாட்சி கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும்.

முதல் நாள் வகுப்பே கூத்து. அம்மா கஞ்சி போட்ட காட்டன் புடவையைக் கட்டச் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்று ராகம் இழுத்தது. எனக்குப் பதற்றம். "உக்காருங்க, உக்காருங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் மெதுவாகச் சாய்ந்து, "மேடம், இன்ஸ்பெக்‌ஷனா?" என்று கேட்டாள். பரங்கிப்பேட்டைக்காரி, வகுப்பின் ரெப் அவள்தான். நானும் படிக்க வந்தவள் என்று சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மத்தியானத்துக்குள் நான் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டேன்.

பாடம் எடுக்க வந்த சார் என்னைவிட இளையவர். அவருக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, மேடம் என்றார். நான் அவரை சார் என்றேன். இங்கிலாந்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் சொன்னது தப்பு என்று முகத்துக்கு நேரே வாதாடலாம், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அந்தப் பழக்கத்தில் முதல் வாரம் எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்டேன். சார் யோசித்துவிட்டு, "நல்ல பாயிண்ட் மேடம். ஆனா பரீட்சைல இது வராது" என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

பரீட்சை எழுதுகிற வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். "அக்கா, நீங்க எழுதுற ஆன்சரு தந்தி மாதிரி இருக்கு. பக்கத்த ரொப்பணும்க்கா. அடிஷனல் ஷீட் வாங்கலன்னா பேப்பர் திருத்துறவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கையே வராது" என்பாள் ரெப். நானோ சுருக்கி எழுதினால்தான் வக்கீல் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லி நடுநடுவே அடிக்கோடிட இருபது வயசுப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாளில் நான் அசல் மாணவி. சார் உள்ளே வந்தால் தன்னாலே எழுந்துவிடுவேன். அவர் என் பக்கம் திரும்பினாலே வாயில் "எஸ் சார்", "சாரி சார்" வந்துவிடும்.

இந்த வேடிக்கையில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அது என் தம்பியின் கல்யாணம்.

அவன் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, தலைமுடிகூட அப்படியே இருந்தது. ஜாதகம் பொருந்தும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள், கேசரியும் பஜ்ஜியும் நன்றாகவே சாப்பிடுவார்கள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பெரிய பொண்ணு லீவுல வந்துருக்கா?" என்று கேட்பார்கள். அம்மா ஏதோ பாதி பதில் சொல்வாள். அப்புறம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராது. வாழாவெட்டி என்ற வார்த்தையை என் காது கேட்க யாரும் சொன்னதில்லை. நான் சமையல்கட்டுக்குள் போனபிறகுதான் சொன்னார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. தம்பி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு தடவை கத்தித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

கீரப்பாளையத்துச் சம்பந்தம் வந்தபோது அம்மா உஷாராகிவிட்டாள். பெண்ணின் அப்பா நெல்லும் உளுந்தும் போடுகிற விவசாயி. நல்ல நிலம், ஒரு பையன், ஒரு பெண். மனிதர் ஜாஸ்தி பேசவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என் அறையில் சட்டப் புத்தகங்களைப் பார்த்ததும் நின்றார்.

"இது யாரு ரூமு?"

"பெரியவ ரூமு. சிதம்பரம் யூனிவர்சிட்டில லா டிபார்ட்மெண்ட்" என்றாள் அம்மா.

"அப்படியா? கெவர்மெண்ட் சம்பளம்தான?"

"காப்பி ஆறிடப் போவுது, வாங்க" என்றாள் அம்மா.

அவர்கள் போனபிறகு தம்பி என் கதவோரம் வந்து நின்றான். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. "அக்கா, நீ ஒண்ணும் சொல்லிடாத. எப்படியும் பாஸ் பண்ணி வக்கீலாத்தான ஆவப்போற. நாலு மாசம் முன்ன பின்ன" என்றான். எதற்கும் என்னிடம் வாயைத் திறக்காதவன் அவன், அன்றைக்குத் திறந்தான். நான் சரி என்றேன்.

இந்தக் கதையையெல்லாம் மறுநாள் மெஸ்ஸில் கத்தரிக்காய் கொத்சுவைப் பிசைந்துகொண்டே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இருபது வயசில் ரகசியம் கிடைப்பதும் பட்டாசு கிடைப்பதும் ஒன்றுதான். "அக்கா, தேவைன்னா சொல்லுங்க, நாங்க இருக்கோம்" என்றாள் ரெப். அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் போயிருக்கும். முதல் வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு சார் இன்னும் வரவில்லை. ரெப் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, கேட்டாண்ட ஒரு பெரியவரு. மஞ்சப் பை வச்சிருக்காரு. கடலூர்லேந்து வந்து சட்டம் சொல்லிக்குடுக்குற டீச்சரம்மா எங்கன்னு கேக்கறாரு. கீரப்பாளையமாம்."

"நீ என்னா சொன்ன?"

"க்ளாஸ் எடுத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிட்டேன். தோ, வராண்டால வந்துக்கிட்டு இருக்காரு. எழுந்திருங்கக்கா! மேல ஏறுங்க!"

"ஏய், சார் வந்துடுவாருடி!"

"வந்தா நாங்க பாத்துக்கறோம். பெரியவரு ரெண்டு நிமிஷம் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுப் போயிடுவாரு. நாளைக்கு ஃபேமிலி லா டெஸ்ட் இருக்குல்ல, அதையே எடுங்க. எங்களுக்கும் ரிவிஷன் ஆச்சு."

இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள், ஒருத்தி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நான் மேடையில் ஏறி சாக்பீஸை எடுத்துத் திரும்பினேன். மொத்த வகுப்பும் சர்ரென்று எழுந்து, "குட் மார்னிங் மேடம்" என்றது. பாவிகள், ராகத்தைக்கூட மாற்றவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பை தெரிந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கஞ்சி போட்ட புடவைக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். வாய்க்கு வந்த உதாரணம் எங்கள் வீடுதான்.

"ஒருத்தர் சொந்தமாச் சம்பாதிச்சு முதுநகர்ல ஒரு வீடு கட்டுறார். உயில் எழுதாம இறந்துபோறார். பொண்டாட்டி இருக்காங்க, ஒரு பொண்ணு, ஒரு பையன். வீடு யாருக்கு?"

"மூணு பேருக்கும் சமம் மேடம்!" என்று கூரை அதிர்ந்தது.

"பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா?"

"அப்பவும் சமம் மேடம்!"

"புருஷன விட்டுட்டுத் திரும்பி வந்துட்டா?"

எவனோ ஒருவன் நடுவிலிருந்து, "அப்பத்தான் கண்டிப்பா சமம் மேடம்!" என்று கத்தினான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அப்பா இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. இந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூட என் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்ததில்லை. அங்கே ஊரார் வீட்டுப் பத்திரத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள் நான்.

அந்தச் சிரிப்புக்குள் சார் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். நான் மேடையிலிருந்து பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பையன்கள் அவர் தோளில் கை வைத்து அமுக்கிக் கடைசி பெஞ்சில், என் இடத்தில், உட்கார வைத்துக் காதில் ஏதோ ஓதினார்கள். ரெப் அவர் முன்னால் ஒரு நோட்டைத் திறந்து வைத்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அந்த மனிதருக்கு என் ஆயுசு முழுக்க நன்றி.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேடை ஏறினவளுக்கு இறங்க மனசு வரவில்லை. எங்கள் புத்தகங்களெல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. எனக்குக் கிடைத்தது யாரோ எப்போதோ படித்து முடித்த பழம்பதிப்பு. அதில் படித்ததை அப்படியே எடுத்துவிட்டேன்.

"பங்கு சமம்தான். ஆனா குடியிருக்கிற வீட்ட மட்டும் பொண்ணு பிரிச்சுக் கேக்க முடியாது. திரும்பி வந்த பொண்ணு அங்க தங்கிக்கலாம், அவ்ளோதான். பசங்களாப் பாத்துப் பிரிச்சாத்தான் உண்டு."

கடைசி பெஞ்சில் சார் நெளிந்தார். தப்பான சட்டம் காதில் விழுந்தால் அவருக்கு ஜன்னலும் மறந்துபோகும், மஞ்சள் பையும் மறந்துபோகும். எழுந்தே விட்டார்.

"மேடம், அந்தப் பிரிவ ரெண்டாயிரத்து அஞ்சுலயே எடுத்துட்டாங்க. இப்ப பொண்ணு தானே கேக்கலாம். பசங்க பிரிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல."

நான் சாக்பீஸைக் கீழே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, "சாரி சார்" என்றேன்.

ரெப் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கோ அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டோமே என்றுகூடத் தோன்றவில்லை. தங்கலாம், கேட்கக் கூடாது. எடுத்துப் போட்டுவிட்டதாக அவர் சொன்ன அந்தச் சட்டத்தின்படிதான் ஊர் திரும்பியதிலிருந்து நான் அந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தேன். டி.வி.யை மாற்றட்டுமா என்று கேட்டுத்தான் மாற்றுவேன். அம்மாவும் தம்பியும் என்னிடம் குரலை உயர்த்த மாட்டார்கள், ஒரு வேலை சொல்ல மாட்டார்கள், ஊரிலிருந்து வந்த விருந்தாளியைப் போலத் தட்டில் இரண்டு அப்பளம் கூட வைப்பார்கள். ரிவிஷன் முடிந்தது என்று சொல்லிவிட்டு இறங்கி வெளியே வந்துவிட்டேன்.

வராண்டாவில் அவர் காத்துக்கொண்டிருந்தார். "டீ சாப்புடலாமா டீச்சரம்மா?" என்றார்.

கேட்டுக்கு எதிரில் இருந்த கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தக் கடைசி பெஞ்சுத் தம்பிக்கு நீங்க எதுக்கும்மா சாரி சார்ன்னீங்க?" என்றார்.

"இங்கிலாந்துல அப்படித்தான் மாமா. எல்லாருக்கும் சாரி சொல்லிப் பழகிட்டுது" என்றேன். அது உண்மையும்கூட.

"சாரி சரி. சாரு?"

எனக்கு அடுத்த புளுகு வரவில்லை. அவர் கோபமாகக் கேட்டிருந்தால் வந்திருக்கும்.

"நான் இங்க படிக்கிறேன் மாமா. சொல்லிக்குடுக்கல. அங்க வக்கீலா இருந்தேன், இங்க வக்கீலாவணும்னா இதெல்லாம் பாஸ் பண்ணணும். சம்பளம் கிடையாது. என் தம்பிமேல ஒரு தப்பும் இல்ல. எம்மேல இருக்குற கோவத்த அவன்மேல காட்டிடாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். "நான் எதுக்கு வந்தேன்னு சொல்லிடுறேன். மனசுல வச்சிக்கிட்டுப் பேச எனக்கு வராது. அக்கா புருஷன் ஊட்லேந்து வந்துட்டாங்க, நாளைக்கு என் பொண்ணு தலையில பாரமா உக்காந்துடுவாங்களோன்னு எங்க ஊட்டுல பேச்சு. வேலையில இருக்காங்கன்னா ஒண்ணுமில்ல. அதான் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இத்தனை வீட்டார் வந்து போனதில் அந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே கேட்டவர் இவர் ஒருவர்தான். எனக்குச் சுள்ளென்று ஏறியது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. "நான் யாரு தலையிலயும் உக்கார மாட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் பெரிசாகவே வந்துவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கோவப்படாதீங்க. நீங்க உள்ள பாடம் எடுத்தீங்களே, அது நெஜமா? இல்ல அதுவும் எனக்காகச் சொன்னதா?"

"அது நெஜம். அந்த சார் சொன்னது இன்னும் நெஜம்."

"அப்போ அந்த முதுநகரு ஊட்டுல ஒங்களுக்கும் பங்கு?"

"உண்டு. அம்மாவுக்கு எவ்ளோவோ, தம்பிக்கு எவ்ளோவோ, அவ்ளோ."

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடேங்கப்பா. பாரமா இருப்பீங்களோன்னு பாக்க வந்தேன். நீங்க பங்காளியால்ல இருக்கீங்க!"

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது ஊட்டுக்கு மட்டும்தானா? நெலத்துக்கும் உண்டா?"

"பூர்வீக நெலமா மாமா?"

"எங்க தாத்தா காலத்துலேந்து."

"அப்போ ஒங்க பொண்ணுக்குப் பொறந்ததுலேந்தே பங்கு உண்டு. ஒங்க பையனுக்கு எப்படியோ அப்படி. நீங்க குடுக்கணும்னுகூட இல்ல, ஏற்கனவே அவுங்களுதுதான்."

அவர் எழுந்தார். டீக்கு அவர்தான் கொடுத்தார், என்னை விடவில்லை. கீரப்பாளையம் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, "நீங்க படிக்கிற விஷயம் எங்க ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. என்னோட போவும். நீங்க சொன்ன அந்தப் பாடத்த மட்டும் என் பொண்ணு காதுல போட்றாதீங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

நாலைந்து நாளில் சம்மதம் என்று தகவல் வந்தது. அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, "பாத்தியா, நான் வாயத் தொறக்காம இருந்ததாலதான் நடந்துது" என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் கீரப்பாளையத்தில் நடந்தது. என் வகுப்பு மொத்தமும் ஒரு வேன் பிடித்து வந்து இறங்கி, பந்தலுக்குள் என்னை எங்கே பார்த்தாலும் எழுந்து நின்று வணக்கம் வைத்தது. சாரும் வந்திருந்தார். பிள்ளைகள் அவரைத் தங்கள் வரிசையிலேயே உட்கார வைத்து, "டேய், தம்பிக்குப் பாயசம் போடு" என்று பரிமாறச் சொன்னார்கள். பெண்ணின் அப்பா தூணில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. தாம்பூலப் பையைக் கொடுக்கும்போது மட்டும் சாரிடம், "நல்லாப் படிங்க தம்பி" என்றார்.

பரீட்சை முடிவு வந்தது, தேறிவிட்டேன். பதிவும் ஆனது. எதிர்வீட்டு அம்மாள், "டீச்சர் வேலைய உட்டுட்டு வக்கீல் வேலைக்குப் போறியாமே, நல்லா யோசிச்சியாம்மா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். மஞ்சக்குப்பத்தில் நான் முதல் வாய்தா வாங்கிக்கொண்டு வந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி மனைவி மீன் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அப்பா ஒருநாளு ஒங்க க்ளாசுக்கு வந்தாராமே?"

"வந்தாரு."

"அதுலேந்து ஒரு மாதிரியாவே இருக்காராம். நெலத்துப் பத்திரத்த எடுத்து எடுத்துப் பாக்குறாராம், அம்மா சொன்னாங்க. நான் போன் பண்ணா, முன்னல்லாம் 'என்னாடி'ம்பாரு, இப்ப 'சொல்லும்மா'ங்கறாரு. அன்னிக்கி அப்படி என்னா பாடம் எடுத்தீங்க?"

அவர் பஸ் படியில் நின்று கேட்டுக்கொண்டதை நினைத்துப் பார்த்தேன். நான் சரி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருந்தால் சொல்லித்தான் இருப்பேன். கேட்கிறவளுக்கு மறைக்கவா ஒரு பட்டம் போதாதென்று இரண்டாவது படித்தேன்? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீடு, நிலம், பூர்வீகம், சொந்தச் சம்பாத்தியம், 2005-இல் எடுத்துப் போட்ட பிரிவு, ஒன்று விடாமல் சொன்னேன். ஜன்னலில் யாரும் இல்லை, இந்தத் தடவை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன்.

அவள் கையை உதறித் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் எங்க அப்பா ஊட்டுக்குப் போனா விருந்தாளி கெடையாது?"

"கெடையாது."

"நீங்களும் இந்த ஊட்டுக்கு விருந்தாளி கெடையாது?"

"கெடையாது."

"அப்ப என்னாத்துக்கு அண்ணி ஸ்டூல்ல உக்காந்துருக்கீங்க? இன்னிக்கிக் கொழம்ப நீங்க வைங்க" என்று மீன் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

வைத்தேன். மத்தியானம் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா நல்லாருக்கு என்றாள். தம்பி சூப்பர்க்கா என்றான். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி அண்ணி, வாயிலயே வைக்க முடியல" என்றாள். நான் திரும்பி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.